சோளகம் இரண்டு கரைக்கும் ஒன்றல்ல

குருநகர்,
யாழ்ப்பாணம்.
ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் றெஜினாவுக்கு அம்மா எழுதுவது,

எங்கள் கோயில் யாகப்பர் துணையில் நீயும் உன் மடத்துத் தாயாரும் மற்றச் சகோதரிகளும் உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தமுறை அதை எழுதப் பேனா ஓடவில்லை பிள்ளை. நானும் அப்பாவும் சுகம். தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும். கொலின்ஸ் இன்று விடிய முல்லைத்தீவில் கடலுக்குப் போனவன், வெயில் ஏற முந்திக் கரையில் நிற்க வேண்டியவன், இந்த நேரம் வரைக்கும் வரவில்லை. ஓரிடத்தில் இருந்து வாசி. எழும்பி நின்று வாசிக்காதே. உனக்குப் போன் எடுக்கலாம்தான், அவசரம் என்றால் உங்கள் தாயார் கூப்பிட்டு விடுவா என்று தெரியும். ஆனால் அப்பா வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டார், மடத்துக்கு எடுத்து அந்தப் பிள்ளையையும் பதறவைக்காதை, ஒரு முடிவு தெரியட்டும் எண்டு. அதோடு போனைத் தொட எனக்கே பயமாக இருக்கிறது. நான் யாரோடோ கதைத்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அங்கிருந்து எடுத்தால் என்ன செய்கிறது? மேசையில் சார்ஜ் வயரோடு கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கையில் சேர இரண்டு மூன்று கிழமை செல்லும், அதற்குள் எல்லாம் ஒரு பக்கம் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கை சும்மா கிடந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும், அதுதான் எழுதுகிறேன்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டு நிற்கத்தான் ஷெரோன் எடுத்தாள். தம்பியின் பெண்சாதி. அந்தப் பிள்ளைக்குச் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது. மாமி, அவர் இன்னும் வரேல்லை, மாமாவை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ என்றாள், அவ்வளவுதான். ஏன் பிள்ளை, எஞ்சின் பழுதோ, ஆரோடை போனவன் என்று நான் இங்கிருந்து கத்த, தனியத்தான் போனவர், ஐயாவுக்குக் காய்ச்சல் என்றாள். வழமையாக மாமனும் மருமகனும் ஒன்றாகத்தான் போகிறது. மாமனுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாளைக்குக் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்தினால் என்ன, குடி முழுகிப் போகுமா? கிட்டத்தான், போட்ட வலையை எடுத்துக்கொண்டு ஓடிவாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவராம் துரை. காலமை வேறு வள்ளக்காரர் கண்டிருக்கிறார்கள், வலை இழுத்துக்கொண்டு நின்றானாம். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. போன் அடித்தால் எடுபடவில்லை. அப்பா சோற்றில் கை வைக்காமலே பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். சாவகச்சேரி தாண்டிவிட்டேன் என்று ஒருமுறை எடுத்தார், பரந்தனில் திரும்பிவிட்டேன் என்று ஒருமுறை எடுத்தார். ஒவ்வொரு முறையும் போன் அடிக்க என் உயிர் போய் வருகிறது, இனி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எடுத்தால் போதும் என்று பேசிவிட்டேன்.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்பாய். நான் சேலையை மாற்றிக்கொண்டு வாசல் படலையடியில் நின்றேன். நீ வந்தால் நான் கடலைப் பாக்கிறதோ, உங்கள் ரண்டு பேரின்ரை சண்டையைப் பாக்கிறதோ எண்டு கேட்டுவிட்டு மனுசன் போய்விட்டார். இரண்டு பேர் என்பது நானும் சம்பந்தியும். நீ மடத்துக்குப் போன பிறகு நடந்த கலியாணம், உனக்குப் படம் மட்டும்தான் அனுப்பினேன், ஆட்களைப் பற்றி விபரமாக ஒருநாளும் எழுதவில்லை. எழுதினால் கோபமாக வந்துவிடும், உங்கள் தாயார் வாசித்துவிட்டுத்தானே உன்னிடம் தருவா என்று விட்டுவிட்டேன். அவவுக்குத் தமிழ் தெரியாது என்று பிறகுதான் யோசித்தேன். ஷெரோனின் தாய்க்குப் பெயர் பூரணம், தகப்பன் கிறிஸ்துநாயகம். எங்கள் வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் இருக்கிற ஊருக்குப் போகவேண்டும். ஆனால் உனக்கென்று கட்டின இந்த வீடு நீ ஆண்டவரைக் கட்டினதோடு எங்கள் இரண்டு பேரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன். அதனால், வழக்கம் கிடக்கட்டும், சோடியாக இங்கே வந்து இருக்கட்டும் என்று பூரணத்திடம் கேட்டேன். என்ரை பிள்ளை என்ரை முற்றத்தை விட்டு வராது என்றா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு சமாதானம், ஒரு சிரிப்பு, ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன், ஒன்றும் இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு.

அந்த ஊரே அப்படித்தான் பிள்ளை. இரண்டும் கடற்கரைதான், எங்கள் இரண்டு பகுதியும் கத்தோலிக்க வேதக்காரர்தான், இரண்டு இடத்திலும் மீன் நாற்றம் ஒன்றுதான். அதற்கு மேல் ஒன்றுமே ஒத்துவராது. எங்கள் குருநகரில் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டுக்காரர் மருந்து சொல்லிக்கொண்டு வருவார்கள். துறைமுகத்தில் குரல் எடுத்துக் கத்தாவிட்டால் நண்டு விலைப்படாது. கத்திக் கத்தியே எங்களுக்குத் தொண்டை இப்படியாகிவிட்டது, மெதுவாகக் கதைக்கச் சொன்னாலும் வராது. அங்கே என்றால் அகலமான வெள்ளை மணல், ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி வீடு, நடுவில் காற்றும் பனையும்தான். கூப்பிட்டால் கேட்காது, கேட்டாலும் உடனே திரும்பிப் பார்க்கமாட்டார்கள், முதலில் கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தால் முத்துக் கொட்டுண்டுவிடுமோ என்று நான் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் மாலை போட்ட படம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். சம்பந்தி வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மீசை முளைக்காத முகம். ஆர் உது என்று கேட்டேன். மூத்தவன் என்றா பூரணம். சுனாமியோ சண்டையோ என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. கடலும் வேறு. எங்களுடையது முழங்கால் தண்ணீர்க் கடல், சின்னப் பிள்ளையும் இறங்கி நடந்து இறால் கூட்டைப் பார்த்துவிட்டு வரும், வள்ளத்தைத் தடியில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கலாம். அவர்களுடையது கரையை விட்டதும் ஆழம், திரை வந்து அடிக்கும், பத்துப் பேர் சேர்ந்து வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றவேண்டும். எங்களுக்கு உழைப்பு இருக்கிற மாதத்தில் அவர்கள் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருப்பார்கள், இப்போது இந்தச் சோளகக் காற்றில் எங்கள் கடல் கிடந்து கொதிக்கிறது, அவர்களின் கடல் கரையில் நின்று பார்த்தால் குளம்தான். அந்தக் குளத்தைப் பார்த்துத்தான் உன் தம்பி தனியப் போயிருக்கிறான்.

கலியாணம் முடிந்து அப்பாவின் வள்ளத்தை லொறியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினோம். மாப்பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா பெயின்ற் எல்லாம் அடித்து, முன்பக்கத்தில் யாகப்பரின் பெயரும் எழுதிக் கொடுத்தவர். கரை முழுக்க நின்று பார்த்தது. கிறிஸ்துநாயகம் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், நான் இப்போது நல்லது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குனிந்து நங்கூரக் கயிற்றை எடுத்தார், இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்தார், இது காணாது என்று சொல்லிவிட்டுக் கீழே போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கடை கயிறு எங்கடை கடலுக்குக் காணும் என்றேன். ஓம், உங்கடை கடலுக்கு என்றார் மனுசன். நான் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வந்து வாகனத்தில் ஏறிவிட்டேன், சாப்பிடவும் இல்லை. பிறகு அவர் தானாகவே ஒரு நீளக் கயிறு புதிதாக வாங்கி வள்ளத்தில் போட்டிருக்கிறார். போன மாதம் கொலின்ஸ் கதைக்கும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னான், மாமான்ரை கயிறு வள்ளத்திலை பாதி இடத்தைப் பிடிக்குது அம்மா, நான் அதைக் கழட்டிக் கரையிலை வாடிக் குடிசைக்குள்ளை வைச்சிட்டன், மாமாவோடை போகேக்கை மட்டும் ஏத்திறனான் என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு ஷெரோனிடம் முதல் கேட்ட கேள்வி அதுதான். கயிறு வாடியிலைதான் கிடக்கு மாமி என்றாள்.

உனக்குக் கடல் மறந்திருக்கும், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்களுக்குச் சோளகம் என்றால் வீட்டுக்குக் கொண்டுவருகிற காற்று. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவும் தம்பியும் மண்டைதீவுப் பக்கம் போய், எஞ்சின் நின்றுபோய், ஊரே துறைமுகத்தில் நின்று குழறியது நினைவிருக்கிறதா? யாகப்பர் கோயில் மணி அடித்து, சனம் முழுக்க லைற்றோடு இறங்கி, நான் தலைவிரி கோலமாக நிற்க, இவர் என்ன செய்தார்? எஞ்சினைத் தூக்கிவைத்துவிட்டு, பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு நித்திரை. காற்று தானாகத் தள்ளிக்கொண்டு வர, வள்ளம் இந்தப் பக்கம் வந்து சேற்றில் தட்டிவிட்டது. பயப்பிட என்ன கிடக்கு, சும்மா இருந்தால் சோளகம் கொண்டுவந்து விடும்தானே என்று எழும்பி நின்று கொட்டாவி விட்டவர். அந்த மடியில் படுத்திருந்தது கொலின்ஸ். அது அவனுடைய உடம்பில் ஊறிப்போன பாடம். அதே சோளகம்தான் முல்லைத்தீவிலும் வீசுகிறது, ஆனால் அங்கே அது தரையில் இருந்து கடலுக்கு வீசுகிறது. எஞ்சின் நின்றால், சும்மா இருந்தால், ஆளை வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும், அதற்கு அப்பால் பர்மா வரைக்கும் தண்ணீர்தான். உடனே நங்கூரம் போடவேண்டும், போட்டால் கயிறு அடியில் முட்டவேண்டும். என் பயம் புயலும் இல்லை, சுறாவும் இல்லை மகள். என் பிள்ளை இப்போது எஞ்சினைத் தூக்கிவைத்துவிட்டு, காற்று வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று ஆறுதலாகக் கால் நீட்டிக்கொண்டு இருப்பானோ என்றுதான் எனக்குப் பயம். அவன் நினைப்பது எனக்கு அப்படியே தெரிகிறது, இங்கே இருந்து கத்தினால் கேட்காது என்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போதுதான் அப்பா எடுத்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தினை வள்ளம் வெளிக்கிட்டது என்று கேட்டேன். ஒண்டும் வெளிக்கிடேல்லை என்றார். ஒரு மணி அடிக்கவில்லையாம், ஒருத்தரும் அழவில்லையாம். ஆம்பிளைகள் மணலில் குந்தியிருந்து கடலைப் பார்க்கிறார்களாம். நேவிக்கு அறிவித்தாயிற்றாம். கிறிஸ்துநாயகம் காய்ச்சலோடு எழும்பி வந்து, வெறும் பிளாஸ்ரிக் கான் ஒன்றை மூடி இறுக்கிக் கடலில் விட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். இந்தக் காத்திலை வெளிக்கிட்டால் பேந்து அவையையும் தேடவேணும் எண்டு சொல்லினம், விடியப்புறம் காத்துத் தணியுமாம், அப்ப போவினமாம் என்றார் அப்பா. அப்ப உங்களுக்கு வாய் இல்லையோ, கேக்கத் தெரியாதோ என்று கத்தினேன். சம்பந்தி என்ன செய்யிறா என்று கேட்டேன். விடியப் போற ஆக்களுக்குப் பெரிய பானையிலை கஞ்சிக்கு அரிசி கழுவிறா என்றார். அரிசி கழுவுகிறாவாம்! நெஞ்சு கல்லோ, இரும்போ? வயித்திலை சுமந்தவளுக்குத்தானே நோகும், அவவுக்கு என்ன வந்தது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அதற்குள் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்குச் செய்தி போய்விட்டது. முதலில் நாலு பேர் வந்தார்கள், பிறகு முற்றம் நிறைந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது, ஓடிவருகிற சனம்தான். ஆனால் ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, தங்கமான பிள்ளையெல்லோ, எப்பிடி வளத்தனியடி என்று ராகம் எடுக்கத் தொடங்கினாள் பார், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. என்ரை பிள்ளை செத்தோ போனான், ஆரடி இஞ்சை செத்தவீடு கொண்டாட வந்தது, எழும்புங்கோ எல்லாரும் என்று கலைத்துவிட்டேன். கதவையும் சாத்திவிட்டேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், போகட்டும். நானும் அப்படி எத்தனை வீட்டு முற்றத்தில் போய் இருந்து அழுதிருக்கிறேன், அதுதான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறவனுக்காக அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது பிள்ளை. பூரணமும் அந்த ஊரும் ஏன் அழாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. கொஞ்சம்தான்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கடவுளுக்கு முன்னும் பின்னும் இல்லை, பிந்திச் செய்கிற செபமும் முந்தியே போய்ச் சேரும் என்று நீதான் ஒருமுறை எழுதினாய். அது உண்மையோ, மடத்தில் சும்மா ஆறுதலுக்குச் சொல்லித்தருகிறதோ எனக்குத் தெரியாது. உண்மை என்றால் இந்தக் கடிதம் கிடைத்த உடனே முழங்காலில் நில். காற்று மாறவேண்டும் என்று கேட்காதே, காற்று யாருடைய சொல்லுக்கும் மாறாது, கடவுளுக்கும் வேறு பிள்ளைகள் கடலில் நிற்கிறார்கள். தான் எந்தக் கரையில் நிற்கிறேன் என்று அவனுக்கு நினைவு வரவேண்டும். அதை மட்டும் கேள்.

புதன்கிழமை.

நேற்று விட்ட இடத்தில் இருந்து எழுதுகிறேன். நித்திரை என்ற பேச்சுக்கே இடமில்லை. விடிய அப்பா எடுத்து, வள்ளங்கள் வெளிக்கிட்டுவிட்டன, பன்னிரண்டு வள்ளம், அந்தக் கான் போன திசையைப் பார்த்து வலை விசிறின மாதிரிப் பிரிந்து போயிருக்கின்றன, தன்னையும் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போகக் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றார். குரலைக் கேட்க எனக்கு மனுசனில் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு போன் செத்த மாதிரிக் கிடந்தது. நான் செபமாலையை எடுத்தேன், சொல்லத் தொடங்கின இடம் தெரியாமல் குழம்பியது. யாகப்பரிடம் நல்ல பேச்சும் கொடுத்தேன், உன்ரை பேரை எழுதின வள்ளத்தை நீ பாக்காமல் ஆர் பாக்கிறது, போன மாதம்தானே பெருநாளுக்கு உனக்குச் சோடிச்சு விட்டனாங்கள் என்று. ஏசினேன் என்றே வைத்துக்கொள். பிறகு என்ன செய்கிறதென்று தெரியாமல் அரிசியை எடுத்துக் கழுவினேன். கழுவிக்கொண்டு நிற்கிறபோதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஒரு ஆளுக்கு இரண்டு கொத்து அரிசி. கையை எடுக்கவில்லை, முழுக்கக் கழுவி உலையில் போட்டேன்.

வெயில் நன்றாக ஏறின பிறகு ஒருதரம் போன் அடித்தது. ஓடிவந்து கால் இடறி விழுந்து எடுத்தால், அக்கா, இண்டைக்கு நண்டு என்ன விலை போகுது என்று நண்டு வாங்குகிற ஒரு கொம்பனிப் பெடியன். அவனுடைய பரம்பரையே மறக்காத அளவுக்குப் பேச்சு வாங்கிக்கொண்டு வைத்தான். வைத்த கையோடு திரும்ப அடித்தது. திரும்பவும் அவன்தான் என்று நினைத்து வாயைத் திறக்க, மற்றப் பக்கத்தில் ஒரு பொம்பிளை மூச்சு வாங்குவது கேட்டது. பூரணம். கலியாணம் முடிந்து இவ்வளவு நாளில் அவ எனக்குப் போன் எடுத்ததே இல்லை. கரைக்கு வந்திட்டான் என்றா. அவ்வளவுதான் சொன்னா. உயிரோடையோ என்று கேட்கிறேன், பார் என் விசரை. அவ போனை அவனிடம் கொடுத்துவிட்டா. அம்மா என்றான். தொண்டை உப்பில் வெந்து, வேறு யாரோ கதைக்கிற மாதிரி இருந்தது. என்ரை ராசா, என்ரை நாயே, என்ரை குஞ்சு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

நான் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. வலையை முழுக்க இழுத்து ஏற்றின பிறகு எஞ்சின் நின்றிருக்கிறது. கழற்றிப் பார்த்தானாம், சரிவரவில்லை. சரி, காற்று இருக்கிறதுதானே என்று, அப்பாவைப் போலவே எஞ்சினைத் தூக்கிவைத்துவிட்டு, கரைப் பக்கம் பார்த்துச் சாய்ந்து இருந்தானாம். எவ்வளவு நேரம் என்று தெரியாதாம். அம்மா, கரையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், காத்து முகத்திலை அடிக்குது, எங்கடை ஊரிலை எண்டால் முதுகிலையெல்லோ அடிக்கவேணும் எண்டு நினைச்சன், அப்பத்தான் துள்ளி எழும்பினனான் என்றான். பார்த்தால் கரைப் பனைகள் கால்வாசி தண்ணீருக்குள் அமிழ்ந்துவிட்டன. நங்கூரத்தைப் போட்டானாம், கயிறு அந்தரத்தில் நின்றதாம். வலைக் கயிற்றை அறுத்து முடிந்தானாம், உடுத்திருந்த சாரத்தையும் கிழித்து முடிந்தானாம், அதுவும் காணாமல், கடைசியில் வலை முழுவதையும் முன்பக்கத்தில் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறான். அது தொங்கிக்கொண்டு போய்க் கீழே ஏதோ கற்பாரில் கொளுவிப் பிடித்துவிட்டது. பிடித்தது விட்டுவிடும், விட்டுவிடும் என்று இருந்தானாம். கரை எந்தப் பக்கம் என்று மறந்துபோகக்கூடாது என்று இருட்டு முழுக்க முகத்தைக் காற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தானாம், முகமெல்லாம் வெடித்துவிட்டதாம். விடிந்து கனநேரத்துக்குப் பிறகு மாமனின் ஊர் வள்ளம் ஒன்று கண்டிருக்கிறது. நீ கேட்டாயோ, இனித்தான் கேட்கப்போகிறாயோ தெரியாது, அவனுக்கு நினைவு வந்துவிட்டது மகள்.

மிச்சத்தை அப்பா பிறகு எடுத்துச் சொன்னார். வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வர, கரையில் ஒருத்தரும் ஆரவாரம் செய்யவில்லையாம். பூரணம் மட்டும் சேலையோடு தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு ஆழத்துக்குப் போனாவாம். கட்டிப்பிடிக்கப் போகிறா என்றுதான் அப்பா நினைத்தாராம். அவன் கால் தடுமாறி இறங்கினதுதான் தாமதம், இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் பளார் பளார் என்று விட்டாவாம். கயிறு எங்கையடா, சொல்லடா, கயிறு எங்கை என்று தலைமயிரைப் பிடித்து உலுப்பினாவாம். அவன் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றானாம். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு ஒரு கத்துக் கத்தினாவாம். இஞ்சை பார் அருமை, நான் குருநகரிலை பிறந்து வளந்தவன், உப்பிடி ஒரு கத்தல் என்ரை சீவியத்திலை கேக்கேல்லை என்றார் அப்பா.

எனக்கு முதலில் சுர்ரென்று ஏறியது, மறைக்கமாட்டேன். நான் பெற்ற பிள்ளையில் கை வைக்க இவ யார்? போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். சோறு குழைந்து பானையோடு ஒட்டிக் கிடந்தது. நின்றுகொண்டு அந்த அடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். மற்றவர் பெற்ற பிள்ளையை யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள் றெஜினா. அது நான் அடிக்க வேண்டிய அடி, நான் நின்றிருந்தால் அதே இரண்டு கன்னத்தில், அதே மாதிரித்தான் விழுந்திருக்கும். கோயிலில் மோதிரம் மாற்றின அன்றைக்கு நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை, அந்த ஊரில் விட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். இன்றைக்குத்தான் கொடுத்தேன்.

நாளைக்குக் காலமை பஸ்ஸில் நானும் அங்கே போகிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, போய் நின்றால் தெரிந்துகொள்ளட்டும். என் கையால் இடித்த மிளகாய்த் தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் கட்டிவைத்திருக்கிறேன், சண்டை பிடிக்கப் போகிறவள் இதெல்லாம் கட்டிக்கொண்டு போகமாட்டாள் என்று அவருக்கு விளங்கும்தானே. நீ குளிர் வருமுன் கம்பளிக் காலுறையை எடுத்துப் போடு, முழங்கால் நோவை ஒறுத்தல், தவம் என்று சொல்லி மறைக்காதே, தாயாரிடம் சொல்லி மருந்து எடு. யாகப்பரும் மடுமாதாவும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கவேண்டும், உன் செபத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்துச் சொல்லு. வாற மாதம் உனக்குப் போன் எடுக்க விடுகிற ஞாயிற்றுக்கிழமை நான் முல்லைத்தீவில்தான் நிற்பேன், இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற நம்பர் பூரணத்தினுடையது, மறக்காமல் அதற்கு எடு. எடுத்தால் மாமி, சுகமாய் இருக்கிறீங்களோ என்று நீயே முதலில் கேள். அவ ஓம் என்று ஒரு சொல்தான் சொல்லுவா, அதற்காகப் போனை வைத்துவிடாதே பிள்ளை.

இப்படிக்கு,
உன்னை நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும் அம்மா,
சூ. அருமைநாயகி